மகனின் சி.டி. ஸ்கேனில் "மூளையில் நீர்க்கட்டி" என்று வந்திருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடியபட்டணத்தான் · ஜூன் 10, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களுக்கு விசைப்படகுத் தொழில். ஒன்றாம் தேதியிலிருந்து தடைக்காலம் என்பதால் கரையில் இருக்கிறேன். இந்த நேரத்தில் அதுவும் நல்லதாகப் போயிற்று.

மூத்தவனுக்கு 19 வயது. ஞாயிற்றுக்கிழமை இரவு திங்கள்சந்தையிலிருந்து பைக்கில் வரும்போது மணலில் சறுக்கி விழுந்துவிட்டான். ஹெல்மெட் வழக்கம்போல பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. நெற்றியில் மூன்று தையல். மயங்கவில்லை, ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தான். பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சி.டி. எடுத்துப் பார்த்து ரத்தக்கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை என்றார்கள். மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்கள்: "ஆனால் மூளையில் ஒரு கட்டி இருக்கிறது. நீர்க்கட்டி. விட்டுவைக்கக் கூடாது, இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுங்கள்." கூடவே ஒரு தொகையும் சொன்னார்கள். நான் படகு எஞ்சினுக்குக் கூட அவ்வளவு கடன் வாங்கியதில்லை.

ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தமிழில் அடிக்கிறேன்: "லெஃப்ட் மிடில் கிரேனியல் ஃபோசா, அரக்னாய்டு சிஸ்ட், 2.8 × 1.9 செ.மீ., நோ மிட்லைன் ஷிஃப்ட்."

இவனுடைய அம்மை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "மூளைக்குள்ள வெள்ளம் கட்டிக் கிடக்கு" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி அழுகிறாள். மைனி வந்து, திருவிழாவுக்குப் பன்றி இறைச்சி தின்றதுதான் காரணம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனாள். அவனோ தையல் பிரிப்பதற்குள் ஜூலையில் நடக்கும் கால்பந்துப் போட்டியைப் பற்றிக் கேட்கிறான். அவன் டீமில் நடு பேக். பந்தைத் தலையால் அடிப்பதுதான் அவன் வேலையே.

இது கேன்சரா? ஆபரேஷன் கட்டாயமா? எங்கே கொண்டுபோய்க் காட்டலாம்?


பறக்கைக்காரி · ஜூன் 10, இரவு 10.52

அண்ணே, முதலில் அவன் அம்மையைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள். எனக்கும் இதே அரக்னாய்டு சிஸ்ட் இருக்கிறது. உங்கள் மகனுடையதைவிடப் பெரியது, 4 செ.மீ.க்குப் பக்கம். 2011இல் ஒற்றைத் தலைவலிக்காகப் படம் எடுத்தபோது தெரிந்தது. நானும் மூன்று நாள் அழுதேன். இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கூட வைத்தேன், சிரிக்காதீர்கள்.

இரண்டு பிள்ளைகள் பெற்றேன். தோவாளைச் சந்தைக்கு விடியும் முன் ஸ்கூட்டரில் போய்ப் பூ எடுத்து வருகிறேன். இடையில் மூன்று முறை எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஒரு மில்லிமீட்டர் கூட மாறவில்லை. மூன்றாவது தடவை டாக்டரே, "இனி ஏதாவது தொந்தரவு வந்தால் மட்டும் வாருங்கள், சும்மா சும்மா காசைக் கொட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். தலைவலிக்குக் காரணம் சிஸ்ட் இல்லை, மைக்ரேன். அதற்கு மாத்திரை தனி.


இருட்டறை_ஊழியன் · ஜூன் 10, இரவு 11.31

இருபது வருடமாக ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறேன், ரேடியோகிராஃபர். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த ஒரு வரி எத்தனை வீடுகளைக் கலக்கியிருக்கிறது என்று தெரியும்.

பாதிப் பிரச்சினை "கட்டி" என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் சீழ் பிடித்தாலும் கட்டி, கேன்சரும் கட்டி, கர்ப்பப்பையில் வந்தாலும் கட்டி, வெல்லமும் கட்டி. சிஸ்ட் என்பதற்கு நாம் நீர்க்கட்டி என்கிறோம். கேட்கிறவர் காதில் "நீர்" விழுவதில்லை, "கட்டி" மட்டும்தான் விழுகிறது. நான் எப்போதும் நீர்ப்பை என்றுதான் சொல்வேன். நுங்கின் கண்ணைத் தோல் கிழியாமல் தோண்டி எடுத்தால் உள்ளே கொஞ்சம் நீர் நிற்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

மூளையை மூன்று சவ்வுகள் மூடியிருக்கின்றன. வெளியே தடித்தது, உள்ளே மூளையோடு ஒட்டியது, நடுவில் சிலந்தி வலைபோல மெல்லியது. அரக்னாய்டு என்ற பெயரே சிலந்தியிலிருந்து வந்ததுதான். குழந்தை வயிற்றில் வளரும்போது அந்த நடுச்சவ்வு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து இடையில் நீர் தங்கிவிடுகிறது. அந்த நீர் கெட்ட நீர் இல்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எல்லோருக்கும் ஓடுகிற அதே நீர்தான். பெரியவர்களுக்கு எந்த நேரமும் ஒரு சாயா டம்ளர் அளவு, 150 மில்லி போல, உள்ளே இருக்கும். உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் வரை புதிதாகச் சுரந்து, பழையதை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அது ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் வந்ததில்லை. விழுந்ததால் தெரிந்தது, அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக அவனோடு கூடவே பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.

நடு மண்டைக்குழி என்று ரிப்போர்ட்டில் இருப்பது காதுக்கு மேல், கன்னப்பொறியின் உள்பக்கம். இந்த நீர்ப்பை அதிகம் வருகிற இடமே அதுதான். அதிலும் இடது பக்கம், அதிலும் ஆண் பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி வந்திருக்கிறது. "நோ மிட்லைன் ஷிஃப்ட்" என்றால் மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாகத் தள்ளப்படவில்லை என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். சி.டி. அவசரத்துக்கு எடுத்தது. அதில் நீர் எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தால் சந்தேகம் தீரும். டி-1 படத்தில் கறுப்பு, டி-2 படத்தில் வெள்ளை, ஃபிளேர் படத்தில் மறுபடி கறுப்பு என்று மூளை நீரோடு சேர்ந்தே நிறம் மாறினால் அது அரக்னாய்டு. டிஃபியூஷன் என்று ஒரு படம் உண்டு. அதில் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் அது எபிடெர்மாய்டு என்கிற வேறொன்று, அதன் கதை வேறு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. சத்தம்தான் காதைப் பிளக்கும். பஞ்சு கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.


வில்லுக்குறி_78 · ஜூன் 11, காலை 6.15

மைனி சொன்னதில் தப்பில்லை. பன்றி இறைச்சிப் புழு மூளைக்குப் போய் கட்டி ஆகும், நான் பேப்பரில் வாசித்திருக்கிறேன். முதலில் புழு மாத்திரை கொடுங்கள்.


பி.எச்.சி._டாக்டர் · ஜூன் 11, காலை 7.40

வில்லுக்குறி, தயவுசெய்து வேண்டாம். நீங்கள் சொல்கிற நோய் உண்மையில் உண்டு, நம் நாட்டில் வலிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணமும்கூட. ஆனால் இது அது இல்லை. அந்தப் புழுப்பைகள் பெரும்பாலும் ஒரு செ.மீ. அளவில், மூளைச் சதைக்குள், சில நேரம் பலவாக இருக்கும். உள்ளே புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரியும், சுற்றிலும் வீக்கம் இருக்கும். மூளைக்கு வெளியே, சவ்வுக்குள் வழவழவென்று நிற்கும் நீர்ப்பையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை. அது புழு உள்ளவரின் மலம் கலந்த தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக யாருக்கும் வரும். முட்டையே தொடாத சைவக்காரர்களுக்கும் வருகிறது. ஆகவே மைனியின் தீர்ப்பு இரண்டு இடத்தில் தப்பு. மூளைக்குள் புழுப்பை இருக்கிறவர்களுக்கே அந்த மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுப்போம். புழு சாகும்போது மூளை வீங்கும், அதைத் தடுக்கத் தனி மருந்து வேண்டும். சும்மா வாங்கி விழுங்குகிற விஷயம் இல்லை.

கடியபட்டணம் அண்ணாச்சிக்கு: இது கேன்சர் இல்லை, கேன்சராக மாறுவதும் இல்லை. 1831லேயே ரிச்சர்ட் பிரைட் என்ற லண்டன் மருத்துவர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார், ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத காலத்தில். எவ்வளவு பேருக்கு இருக்கும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 48,417 பெரியவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைப் புரட்டிப் பார்த்து 2013இல் எழுதினார்கள். 661 பேருக்கு இருந்தது, அதாவது 1.4 சதவீதம். அதனால் தொந்தரவு இருந்தது அவர்களில் 35 பேருக்கு. மறுபடி மறுபடி படம் எடுத்துத் தொடர்ந்து பார்த்த 203 பேரின் 213 பைகளில் பெரிதானது 5. இரண்டு சுருங்கியிருந்தன. மீதி அப்படியே இருந்தன.

சும்மா ஒரு கணக்குப் போட்டால், 2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். அதே விகிதம் இங்கேயும் என்றால் இருபதாயிரத்துக்கும் மேல் ஆட்கள் இந்த நீர்ப்பையோடு களியக்காவிளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். பலர் பைக்கிலிருந்து விழவில்லை, அதனால் தெரியவில்லை.

அறிகுறி இல்லாத, சின்ன, நடுக்குழியில் உள்ள பையை "இந்த மாதத்துக்குள்" திறக்க வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரியவில்லை. படத்தை இன்னொரு நியூரோ சர்ஜனிடம் காட்டுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம், திருவனந்தபுரத்துக்கும் போகலாம். ஒரு பரிந்துரைக் கடிதமும் படம் பதிந்த சி.டி. தட்டும் கையில் இருக்கட்டும். வெறும் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். சர்ஜன் தாளை வாசிக்க மாட்டார், படத்தைத்தான் பார்ப்பார்.


குலசேகரம்_ரப்பர் · ஜூன் 11, காலை 9.05

எல்லோரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா மகன், அப்போது 15 வயது. ரம்புட்டான் மரத்திலிருந்து விழுந்தான். பெரிய உயரம் இல்லை, எழுந்து உடையைத் தட்டிவிட்டு மறுபடியும் மரம் ஏறினான். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. நாலைந்து வாரம் கழித்துத் தலைவலி. முதலில் காலையில் மட்டும், அப்புறம் நாள் முழுவதும். பரீட்சைக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று அவன் அப்பா திட்டினார். கண்ணாடி போட வேண்டும் என்று ஒருவர், சைனஸ் என்று ஒருவர், இப்படியே பத்து நாள் போனது. ஒரு நாள் வாந்தி நிற்கவே இல்லை, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான். படம் எடுத்தால், நடுக்குழியில் பெரிய நீர்ப்பை, அதன் பக்கத்தில் மூளைக்கு மேல் பழைய ரத்தம் கோத்திருந்தது. மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். பையைத் தொடவில்லை. இப்போது அவனுக்கு 23 வயது, தக்கலையில் வேலை பார்க்கிறான், நன்றாக இருக்கிறான்.

பயப்படச் சொல்லவில்லை. ஆனால் பை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்த இரண்டு மாதம் அவன் தலைவலி என்று சொன்னால் நடிப்பு என்று நினைக்காதீர்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். அத்தானுக்கு இன்னும் அந்தப் பத்து நாள் தூக்கத்தில் வருகிறது.


பி.எச்.சி._டாக்டர் · ஜூன் 11, பகல் 1.10

குலசேகரம் சொன்னது மிக முக்கியம், நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பையின் சவ்விலும் அதன் ஓரத்திலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் போகின்றன. அடிபட்டால் அவை கசியலாம், அல்லது பை கிழிந்து நீர் வெளியே பரவலாம். அடிக்கடி நடப்பதில்லை. 5 செ.மீ.க்கு மேல் பெரிய பையும் சமீபத்தில் பட்ட அடியும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். உங்கள் பையனுக்குப் பை சின்னது, ஆனால் அடி புதிது. அதனால் சில வாரங்களுக்குக் கவனம்: நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி, காலை வாந்தி, இரட்டைப் பார்வை, வலிப்பு, கை கால் தளர்ச்சி, அளவுக்கு மீறிய தூக்கம். இதில் ஒன்று வந்தாலும் இந்த இழையில் வந்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவு.


ஆசான்_பேரன் · ஜூன் 11, மாலை 5.48

எங்கள் தாத்தா வர்ம ஆசான். தலையிலிருந்து கழுத்து வரை 25 வர்மம் என்று அவர் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். யாராவது இங்கே வந்து "தடவி நீரை இறக்கிவிடலாம்" என்று எழுதும் முன் நானே எழுதிவிடுகிறேன்: தலையில் அடிபட்ட பிள்ளையை இப்போது யாரிடமும் கொண்டுபோய்த் தட்டவோ தடவவோ வைக்காதீர்கள். மண்டை ஓட்டுக்குள் சவ்வுக்கு நடுவில் இருக்கிற நீரை வெளியே இருந்து எந்த விரலும் இறக்காது. தோள்பட்டை விலகினால் தாத்தா எடுத்துவிடுவார். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்த ஆளை வாசலிலேயே நிறுத்தி, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ மக்களே" என்றுதான் அனுப்புவார். காயத்திருமேனி எண்ணெய் கை கால் வலிக்கு நல்லதுதான், தையல் காய்ந்த பிறகு போடட்டும்.


வில்லுக்குறி_78 · ஜூன் 11, மாலை 6.02

நான் சொன்ன புழு மாத்திரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


தூத்தூர்_நம்பர்_10 · ஜூன் 11, இரவு 8.30

எல்லாம் சரி. பையன் விளையாடலாமா கூடாதா? அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. எங்கள் கடற்கரையில் ஒரு பையனிடம் பந்தைத் தொடாதே என்றால் அதுவே அவனுக்குப் பெரிய நோய்.


பி.எச்.சி._டாக்டர் · ஜூன் 11, இரவு 9.25

நான் ஆடலாம் என்று இங்கே உட்கார்ந்து எழுதிக் கொடுக்க முடியாது, படம் பார்க்கிற சர்ஜன்தான் சொல்ல வேண்டும். ஆனால் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தப் பை உள்ள, விளையாட்டில் ஈடுபட்ட 185 பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2016இல் வந்தது. ஒரு சிலருக்கு நீரோ ரத்தமோ கசிந்திருக்கிறது. யாருக்கும் நிரந்தரமான நரம்புப் பாதிப்பு ஏற்படவில்லை. அதனால் இப்போது பல சர்ஜன்கள் பொத்தாம்பொதுவாகத் தடை போடுவதில்லை. பையின் அளவு, இடம், என்ன விளையாட்டு, வீட்டார் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எல்லாம் பார்த்துச் சொல்கிறார்கள். குத்துச்சண்டை மாதிரி தலையையே குறிவைக்கிற ஆட்டத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள்.

அது பிறகு. இப்போதைக்கு அவனுக்குத் தடை சிஸ்டால் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பட்ட அடியால். தலையில் அடிபட்டு வாந்தி எடுத்த எந்தப் பையனும், சிஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலைவலி முழுவதும் போய்ப் படிப்படியாகத்தான் களத்துக்குத் திரும்ப வேண்டும்.


அருமனை_சுனை · ஜூன் 11, இரவு 11.47

ஆபரேஷன் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, எங்கள் அனுபவம் இது. என் அப்பாவுக்கு 52 வயதில் தலைவலி. படத்தில் சிஸ்ட். "இதுதான் காரணம், எடுத்துவிட்டால் தலைவலி போய்விடும்" என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். வேறு யாரிடமும் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. பையிலிருந்து வயிற்றுக்கு தோலுக்கு அடியில் குழாய் வைத்தார்கள், ஷன்ட் என்று பெயர். தலைவலி இரண்டு மாதம் இல்லை, மூன்றாவது மாதம் திரும்பி வந்தது. குழாய் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது, இரண்டு தடவை மறுபடி ஆபரேஷன். இப்போது குழாயை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். பிற்பாடு பார்த்த டாக்டர், இந்தத் தலைவலி கழுத்து எலும்பிலிருந்து வருவதாக இருக்கலாம் என்றார்.

தலைவலி எல்லோருக்கும் வரும், சிஸ்ட் நூற்றில் ஒருவருக்கு இருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்றுக்கு மற்றொன்றுதான் காரணம் என்று அர்த்தமில்லை. இதை அன்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.


பி.எச்.சி._டாக்டர் · ஜூன் 12, காலை 7.15

சுனை, கஷ்டமாக இருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் ஆபரேஷன் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடுவார்கள். நீரின் பாதையை அடைத்து மூளை அறைகள் வீங்கினால், கண் நரம்பை அழுத்தினால், குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தால், ரத்தம் கசிந்தால் ஆபரேஷன் தேவைதான், சில நேரம் உடனே தேவை. இப்போது முடிந்த இடத்தில் குழாய் வைக்காமல், எண்டோஸ்கோப் வழியாகவோ மண்டையைத் திறந்தோ பையின் சுவரில் ஜன்னல் மாதிரி துளை போட்டு, நீர் பக்கத்து நீரோடு கலக்க விடுகிறார்கள். எதைச் செய்வது என்பது இடத்தைப் பொறுத்தது.

கொலாய்டு சிஸ்ட் என்று ஒன்று உண்டு. மூளையின் நடுவில், நீர் ஓடும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். சின்னதாக இருந்தாலும் வாசலைச் சட்டென்று அடைத்துவிடலாம், அதை அலட்சியம் செய்யவே கூடாது. "சிஸ்டா, ஒன்றுமில்லை" என்று இந்த இழையை வாசித்துவிட்டு யாரும் சொல்லிவிடாதீர்கள். எந்த சிஸ்ட், எந்த இடம்?


மார்த்தாண்டம்_மருமகள் · ஜூன் 12, பகல் 2.20

இழைக்குச் சம்பந்தமில்லை என்றால் மன்னிக்கவும். எனக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் மூளையில் "கோராய்டு பிளெக்ஸஸ் சிஸ்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை.


இருட்டறை_ஊழியன் · ஜூன் 12, பகல் 2.55

பிள்ளே, அது வேறு சங்கதி, இதைவிட இலேசானது. அந்த மாதத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத் தெரியும். நீர் சுரக்கிற இடத்தில் சின்னக் குமிழ். பெரும்பாலும் ஏழாவது மாதத்துக்குள் தானே மறைந்துவிடும். பிள்ளையின் அறிவுக்கும் வளர்ச்சிக்கும் அதனால் கேடு இல்லை. டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மற்ற உறுப்புகள் எல்லாம் சரியாக இருக்கிறதா, இது மட்டும்தானா?" இதயம், கை விரல்கள் எல்லாம் நன்றாக இருந்து இது மட்டும் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். வேறு ஏதாவது கூடவே இருந்தால்தான் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுவார்கள். மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.


மார்த்தாண்டம்_மருமகள் · ஜூன் 12, பகல் 3.04

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் நார்மல் என்று கீழே போட்டிருக்கிறது. நான் அந்த முதல் வரிக்கு அப்புறம் வாசிக்கவே இல்லை.


கடியபட்டணத்தான் · ஜூன் 19, இரவு 9.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோருடைய பதிலையும் இவனுடைய அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். பறக்கை அக்கா எழுதியதை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இருட்டறை அண்ணன் சொன்னபடி பஞ்சு கேட்டு வாங்கினோம். நேற்று இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய் ஒரு நியூரோ சர்ஜனைப் பார்த்தோம். நாலு மணி நேரம் காத்திருந்தோம், அவர் எங்களோடு பேசியது எட்டு நிமிடம். ஆனால் அந்த எட்டு நிமிடமும் படத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டியே பேசினார்.

படத்தில் பை இருக்கிற இடத்தில் மண்டை எலும்பு உள்பக்கம் கொஞ்சம் மெலிந்து, குழிந்து இருக்கிறதாம். "எலும்பே இதற்கு இடம் விட்டு வளர்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? பிறவியிலேயே இருப்பது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்" என்றார். கலாசி என்கிறவர் 1982இல் பிரித்த மூன்று வகையில் இது முதல் வகையாம், ஆகச் சின்னது. டிஃபியூஷன் படமும் சரியாக இருக்கிறது, எபிடெர்மாய்டு இல்லை. ஆபரேஷன் வேண்டாம். ஒரு வருடம் கழித்து ஒரு படம், அதுவும் மாறாமல் இருந்தால் அதோடு விடலாம் என்றார். தலைவலி கூடினால், வாந்தி வந்தால் உடனே வரச் சொன்னார். குலசேகரம் அண்ணன் சொன்னதையே அவரும் சொன்னார்.

இவன் உடனே கால்பந்து கேட்டான். டாக்டர் சிரித்தார். அடிபட்டு ஒரு மாதம் ஆகட்டும், தலைவலி இல்லாமல் ஓடிப் பழகு, அப்புறம் ஆடு, ஜூலைப் போட்டியை மறந்துவிடு என்றார். தலையால் அடிக்கலாமா என்று அடுத்த கேள்வி. "இந்த அளவுக்கு நான் தடுக்க மாட்டேன். ஆனால் நீ பைக்கில் ஹெல்மெட் போடாமல் போனால் தடுப்பேன்" என்றார். அம்மைக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், இனி வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பணம் கட்டச் சொன்ன இடத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


தூத்தூர்_நம்பர்_10 · ஜூன் 19, இரவு 9.58

ஜூலைப் போட்டி போனால் போகட்டும், கிறிஸ்துமஸ் டோர்னமென்ட் இருக்கிறது. எங்களுக்கு எதிராக ஆடாமல் இருந்தால் சரி.


இருட்டறை_ஊழியன் · ஜூன் 19, இரவு 10.30

சந்தோஷம். ஒரு வேலை பாக்கி: அந்தப் படம் பதிந்த சி.டி. தட்டைத் தொலைத்துவிடாதீர்கள். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கோ கப்பலுக்கோ மெடிக்கல் போகும்போது, அல்லது எப்போதாவது தலையில் அடிபட்டு வேறு ஊரில் படம் எடுக்கும்போது, புதுசா பழசா என்று பார்க்க அதுதான் வேண்டும். பழைய படம் இல்லாததால் மட்டும் எத்தனை பேரை மறுபடி முதலிலிருந்து பயமுறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா? தட்டு பூஞ்சை பிடிக்கும், கடற்கரை வீட்டில் இன்னும் சீக்கிரம். ஒரு பிரதி பென் டிரைவில் போட்டு வையுங்கள்.


கடியபட்டணத்தான் · ஜூன் 19, இரவு 10.41

ஆதார், படகு லைசென்ஸ் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்தாயிற்று. பென் டிரைவ் நாளைக்கு வாங்குகிறேன். மைனி இன்றைக்கும் வந்தாள். "கட்டி கரைஞ்சுதா" என்று கேட்டாள். இவனுடைய அம்மை சொல்கிறாள்: "அது கட்டி இல்ல மைனி, பை. எலும்பே அதுக்கு எடம் விட்டிருக்கு."


பூதப்பாண்டி_புதியவன் · ஜூன் 20, காலை 6.33

வணக்கம், எனக்கு பீனியல் சிஸ்ட் 7 மி.மீ. என்று வந்திருக்கிறது, இதுவும் அதுவும் ஒன்றா?


பறக்கைக்காரி · ஜூன் 20, காலை 6.50

இல்லை தம்பி, அது வேறு இடம். அதுவும் நிறையப் பேருக்கு இருக்கிறதுதான். புது இழை ஒன்று தொடங்குங்கள், சந்தையிலிருந்து வந்ததும் வருகிறேன். ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரைக்கும் அடித்துப் போடுங்கள்.